யாரு வூட்டுப் பொண்ணு

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு சொலவடை உண்டு. தறியில் கால் மிதித்துப் பிழைப்பவர்களைச் சொன்னது. ஐயம்பேட்டை தாவீதுக்குத் தறி ஏது? அவன் வாயாட்டிப் பிழைத்தான். முதலில் ஐயம்பேட்டைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களைச் சிரிக்க வைத்தான். பிறகு திருவிழா மேடைகளில் சிரிக்க வைத்தான். பிறகு கைபேசியில். கடைசியில் டிவிக்காரர்களே வேன் எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிற அளவுக்கு ஆகிவிட்டது.

எல்லாவற்றிலும் பக்கத்தில் நதியா இருந்தாள். அவள் இல்லாமல் அவன் பாதி. அதை அவன் எங்கேயும் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்ததே ஒரு மறதிதான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவன் யோசேப்பு, அவள் மரியாள். தலையில் துண்டும் ஒட்டுத்தாடியுமாக மேடை ஏறியவன், அவளைப் பார்த்ததும் வசனம் முழுவதையும் மறந்துவிட்டான். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாய்க்கு வந்ததைக் கேட்டான்.

"ஆமா, நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?"

நதியா அசரவில்லை. "உன்னத்தான் கட்டிக்கப் போறேன், அதுகூடத் தெரியாமயா கழுதைய ஓட்டிக்கினு வந்த?" என்றாள். போதகரே பைபிளால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த வருஷம் அதே கோயிலில் கல்யாணம்.

அந்த ஒற்றைக் கேள்விதான் இருபது வருஷமாக அவர்களுக்குச் சோறு போட்டது. என்ன கதை நடந்தாலும் நடுவில் தாவீது சட்டென்று திரும்பி, முன்பின் பார்க்காத ஆளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்து, "ஆமா, நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்பான். கூட்டமே அவனோடு சேர்ந்து கத்தும். நதியா அன்றைக்குத் தோன்றிய பதிலைச் சொல்வாள். மேடையில் ஒருத்தர் விட்டால் இன்னொருத்தர் எடுக்க வேண்டும், கீழே விழ விடக்கூடாது. இது அவர்கள் தொழில் தர்மம். அவன் எதை விட்டாலும் அவள் எடுத்திருக்கிறாள்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இருபது வருஷம் ஊர் முன்னால் தன்னை மறந்துபோகிற புருஷனோடு குடித்தனம் செய்து பார்த்தால் தெரியும் அந்தப் புளிப்பு.

கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. தாவீதுதான் துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வேறு பிள்ளையும் தங்கவில்லை. குழந்தையைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் கூரம் கிராமத்தில் ஒரு திருவிழா மேடை. முன்பணம் வாங்கியாகிவிட்டது, போனார்கள். அங்கேயும் அவன் திரும்பி, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்றான். அவளும் ஏதோ சொன்னாள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் குழந்தையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் மறந்துவிட்டான் என்றே நதியா முடிவு கட்டியிருந்தாள். மறக்கிறதுதானே அவன் தொழில்!

அதனால்தான் 'பாதியும் பாதியும்' நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது அவள் முந்திக்கொண்டு சரி என்றாள். பிரபலமான ஜோடிகளைக் கூட்டிவந்து, உன் பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும், உன் புருஷன் எதற்குக் கோபப்படுவான் என்று கேட்டு மார்க் போடுகிற நிகழ்ச்சி. பட்டமோ பரிசோ அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊர் பார்க்க, ஒரே ஒரு கேள்விக்காவது, கோமாளித்தனம் இல்லாமல் தன்னைப் பற்றி அவன் நேராகப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. ஒரு பெண்டாட்டிக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

இறுதிச் சுற்றை ஜோடிகளின் சொந்த ஊரிலேயே எடுப்பது வழக்கமாம். மிஞ்சியது இரண்டு ஜோடி, இரண்டும் காஞ்சிபுரம். இவர்களுக்கு எதிராக சீரியல் நடிகன் கதிர்வேலும் அவன் மனைவி துர்காதேவியும். கதிர்வேல் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பையன். டிவியில் வில்லன், நேரில் வாயில்லாப் பூச்சி. ஏனாத்தூர் போகிற சாலையில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தைப் பிடித்து, காலேஜ் பிள்ளைகளைக் கொண்டு நாற்காலிகளை நிரப்பினார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் டிவி ஆட்கள் ஐயம்பேட்டை வீட்டுக்கு வந்தார்கள். நதியாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாவீதைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் படம் பிடித்தார்கள். கடைசிக் கேள்விக்கு அவன் சொன்ன பதில் அதில் இருக்கிறதாம். மேடையில் முதலில் நதியா, தன் புருஷன் என்ன சொல்லியிருப்பான் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பெரிய திரையில் அவன் பேசியதைப் போட்டுக் காட்டுவார்கள். இதுதான் விளையாட்டு.

அவர்கள் போனதும் நதியா அவன் எதிரில் வந்து நின்றாள்.

"யோவ், நாளைக்கு ஒரு நாளு மட்டும் அந்த யாரு வூட்டுப் பொண்ணு வேணாம்யா. நேரா பதில் சொல்லு."

"சரிம்மா."

"வெளையாடாத."

"கர்த்தர் மேல ஆணையா வெளையாட மாட்டேன், போதுமா?"

தாவீது இதுவரை செய்த சத்தியங்களை அடுக்கினால் ஏகாம்பரநாதர் கோபுரத்தைத் தாண்டிப் போகும். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவேன் என்பதும் அதில் ஒன்று. அதைப் போட்டால் மேடையில் தூக்கம் வருகிறது என்று சொல்லி அலமாரியிலேயே விட்டுவிடுவான். இருந்தாலும் அன்றைக்கு அவள் நம்பினாள்.

மறுநாள் விடிகாலையில் கிளம்பும்போது, இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு தாவீது வாசலில் நின்றான். இதுவும் மேடையில் அவன் செய்கிற பழைய வித்தைதான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, கால் ஏன் வேறு பக்கம் போகிறது என்று தெரியாதவன் மாதிரி சுற்றிச் சுற்றி வருவான். நதியா கண்ணாடி முன்னால் நின்று புடவைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

"காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா? நேத்து இன்னா சொன்ன நீ?" என்றாள், ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு.

"ம்" என்றான்.

அவன் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் இட்லி கொடுத்தார்கள். தாவீது சட்னியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். பவுடர் பூச வந்த பெண், "அண்ணா, கேமரா இன்னும் ஆன் பண்ணல, எனர்ஜிய சேவ் பண்ணுங்க" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். சட்டை மாற்றக் கொடுத்தார்கள். பித்தான் போட நேரமாயிற்று. நதியாதான் போட்டுவிட்டாள், நறுக் நறுக்கென்று, கோபத்தோடு.

மேடை ஏறினார்கள். நிகழ்ச்சியை நடத்துபவன் பாண்டியன். சென்னைக்காரன், மின்னுகிற கோட்டுப் போட்டவன், ஒரு நிமிஷம் சத்தம் குறைந்தால் பதறிப்போகிறவன். முதல் சுற்று சிலேட்டுச் சுற்று. மனைவிக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கணவர்கள் எழுத வேண்டும். கதிர்வேல் 'கருவாட்டுக் குழம்பு' என்று எழுதிக் காட்டினான், துர்காதேவி சைவக் குடும்பத்து மானம் போனதே என்று முகத்தை மூடிக்கொண்டாள், கைதட்டல். தாவீது சிலேட்டைத் திருப்பினான். அதில் எழுத்தே இல்லை. கோழி கிளறின மாதிரி இரண்டு கோடு.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "அண்ணே, இது இடியாப்பமா?" என்றான் பாண்டியன்.

நதியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கை பழகிவிட்டது, வாய் பழகிவிட்டது. "என் தலையெழுத்து சார் அது, அப்டியே எழுதிக்கிறாரு" என்றாள். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

அடுத்த சுற்றில் பாண்டியன் தாவீதைக் கேட்டான். "சிம்பிள் கேள்வி அண்ணே. உங்க மனைவியோட முழுப்பெயர் என்ன?"

தாவீது அவள் பக்கம் திரும்பினான். மெதுவாகத் திரும்பினான். பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நீ..." என்றான். நிறுத்தினான். "நீ... யாரு..."

மிச்சத்தைக் கூட்டமே முடித்துக்கொடுத்தது. "வூட்டுப் பொண்ணும்மா!" என்று மண்டபக் கூரை அதிர்ந்தது. காலேஜ் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள்.

கர்த்தர் மேல் ஆணை! ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டேனே பாவி! நதியாவுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அழுதால் அசிங்கம். அவளுக்குத் தெரிந்த இன்னொரு வழி ஒன்றுதான். மைக்கைப் பிடித்தாள். இவர் மறக்காதது இந்த உலகத்தில் மூணுதான் என்று ஆரம்பித்தாள். மட்டன் பிரியாணி, மத்தியானத் தூக்கம், மாமியார் வீட்டுச் சீர் என்றாள். நாளைக்கு நான் செத்தால்கூடப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து யாரு வூட்டுப் பொண்ணு என்று கேட்பார், அப்போது பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். ஒவ்வொன்றும் உள்ளே கொதித்து வெளியே சிரிப்பாக விழுந்தது. இருபது வருஷத்தில் அவள் இப்படி விளாசியதில்லை. பாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தாவீது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பதிலுக்கு ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நல்ல வேளை, குறுக்கே பேசாமல் வழிவிட்டான் என்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது.

பிறகு கைச் சுற்று. திரைக்குப் பின்னால் ஐந்து ஆண்கள் நின்று, ஓட்டை வழியாக வலது கையை மட்டும் வெளியே நீட்டுவார்கள். மனைவி கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்துப் புருஷன் கை எது என்று சொல்ல வேண்டும். நதியாவுக்கு இரண்டாவது கையிலேயே தெரிந்துவிட்டது. ஆட்டோ ஓட்டின காலத்துக் காய்ப்பு உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

மேடை ஏறுமுன் அவர்களுக்கு ஒரு வழக்கம். யாருக்கும் தெரியாமல் அவன் அவள் விரலை இரண்டு தரம் அழுத்துவான். ரெடி என்று அர்த்தம். அவளும் அழுத்துவாள். இன்றைக்குக் கோபத்தில் அவள் கையே கொடுக்கவில்லை. இப்போது, கண் கட்டியிருக்கும்போது, போனால் போகிறது என்று அவன் விரலை இரண்டு தரம் அழுத்தினாள்.

அந்தக் கை பதிலுக்கு அழுத்தவில்லை. விரல்கள் மடங்கவே இல்லை. ஓட்டையின் விளிம்பில் அதை யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தது.

பின்னாளில் யார் கேட்டாலும் நதியா இதை மறைத்ததில்லை. ஏதோ சரியில்லை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும் என்றுதான் சொல்வாள்.

கட்டை அவிழ்த்தாள். திரையை விலக்கினார்கள். தாவீதின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கோணவாய்க் கணக்குப்பிள்ளை வேஷத்துக்கு அவன் வைத்துக்கொள்கிற முகம், ஊருக்கே மனப்பாடம். கூட்டம் விசிலடித்தது.

"யோவ், இன்னா ஆச்சு?" என்று அவன் காதருகில் கேட்டாள்.

"ந... ந..." என்றான்.

"மேடம், ரகசியம் பேசக்கூடாது, மார்க் போயிடும்!" என்று பாண்டியன் நடுவில் புகுந்தான். "ரெண்டு பேரும் சோபாவுல உக்காருங்க. கடைசிக் கேள்வி. லைட்ஸ்!"

தாவீதின் தோளைப் பிடித்து யாரோ உட்காரவைத்தார்கள். அவள் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். கேட்டுவிடலாமா, எழுந்து கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். அதற்குள் விளக்கு அணைந்தது. பாண்டியன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"நதியா மேடம். 'உங்க மனைவி எப்ப அழுவாங்க?'ன்னு தாவீது அண்ணன்கிட்ட நேத்து கேட்டோம். அவர் என்ன சொல்லியிருப்பார்?"

"அவருக்கு இன்னா தெரியும்? வெங்காயம் நறுக்கறப்பன்னு சொல்லியிருப்பாரு."

சிரிப்பு. திரை வெளுத்தது. ஐயம்பேட்டை வீட்டு நாற்காலியில், அவள் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டையில், நேற்றுச் சாயங்காலத்துத் தாவீது உட்கார்ந்திருந்தான். வாய் கோணவில்லை. ஒரு சேட்டையும் இல்லை.

"நதியாவா? பாத்திரம் தேய்க்கறப்ப அழுவா சார்" என்றான். "கொழாயப் பெருசா தொறந்து வுட்டுடுவா. எனக்குக் கேக்கக் கூடாதாம். நான் வாசப்படியில உக்காந்துக்கினு இருப்பேன். தண்ணி நிக்கற வரைக்கும் உள்ள போவ மாட்டேன். நின்னதும் போயி எதனா கோணங்கித்தனம் பண்ணுவேன். வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியாது சார்."

பக்கத்தில் நதியாவின் முந்தானையை யாரோ இழுத்தார்கள். தாவீதுதான். இடது கையால் இழுத்தான்.

"எங்களுக்கு ஒரு பாப்பா இருந்துது" என்றான் திரையில் இருந்தவன். "நான்தான் தூக்கிக்கினு போனேன். பேரு வெக்கல."

முந்தானை மறுபடி இழுபட்டது. பலமாக இழுபட்டது. அவன் தொண்டையில் ஏதோ சத்தமும் வந்தது.

நதியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருய்யா" என்றாள். "நீ பேசறதக் கேக்கணும்."

"ஆனா அவ ஒரு பேரு வெச்சிருக்கா சார். தூக்கத்துல கூப்புடுவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கா."

என்ன பேரு என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரையில் தாவீது தலையாட்டினான். "அத நான் சொல்லக் கூடாது சார். அது அவளுது."

இருபது வருஷத்துத் தாகம். ஊர் பார்க்க, நேராக, ஒரு வார்த்தை. கிடைத்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நதியா அழுதாள். சந்தோஷமாக அழுதாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். விளக்கு எரிந்தது, மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் தாவீது சோபாவிலிருந்து சரிந்து தரையில் விழுந்தான். கைதட்டல் சிரிப்பாக மாறியது. தாவீது எத்தனை மேடையில் விழுந்திருக்கிறான்!

கதிர்வேல்தான் முதலில் ஓடிவந்தான். தாவீதின் வேட்டி நனைந்து, ஈரம் தரைவிரிப்பில் பரவிக்கொண்டிருந்தது. எந்தக் கோமாளியும் அதை மட்டும் நடிக்க மாட்டான்.

கதிர்வேலின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்ல ஆஸ்பத்திரி, ஸ்கேனும் உடனே எடுத்துவிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். பரபரப்பில்லாமல், ஆனால் வேகமாகப் பேசினாள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பும்மா. வலது பக்கமும் பேச்சும் போயிருக்குது. அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்குது. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா பிழைச்சு எழுந்து பேசறதுக்கு நல்ல வாய்ப்பு. லேட்டாப் போட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. அதனால நல்லா யோசிச்சு சொல்லுங்க. கடைசியா அவர் நல்லா இருந்தது எப்போ?"

பாண்டியன் முந்திக்கொண்டான். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், வியர்த்துக் கொட்டியது. "மேடையிலதான் மேடம் விழுந்தாரு, கொஞ்ச நேரம் முன்னாடி. அதுவரைக்கும் சூப்பரா இருந்தாரு. இன்னிக்கு மாதிரி அவர் எப்பவுமே பண்ணதில்ல. ஆயிரம் பேர் சாட்சி."

"அப்படின்னா நேரம் இருக்குது" என்றாள் டாக்டர். நர்ஸ் பக்கம் திரும்பித் தலையசைத்தாள். நர்ஸ் மருந்து இருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நதியா வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஊசி ஏறியிருக்கும். அவளுக்கு அது புரிந்தது. பாண்டியனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தப் பாழாய்ப்போன செருப்பு!

"காத்தால செருப்ப மாத்திப் போட்டுக்கினாரும்மா" என்றாள். "அப்பதான் விடிஞ்ச நேரம். அப்பறம் சட்னியக் கொட்டிக்கினாரு. பித்தான் போட வரல."

டாக்டரின் கை நின்றது. "காலையிலயா? செருப்புலயே ஆரம்பிச்சிருந்தா நேரம் தாண்டிடுச்சே. சட்னி கொட்டினப்பதான்னா இன்னும் கொஞ்சம் இருக்குது. செருப்பு மாத்தினது நோயாலயா, இல்ல சாதாரணமா நடந்ததா? அவர் எப்பவும் அப்படிச் செய்வாரா?"

"மேடையில செய்வாரு. வெளையாட்டுக்கு."

"வீட்டுல?"

"எப்பனா செய்வாரு."

"இன்னிக்கு செஞ்சது விளையாட்டாம்மா? உங்களுக்குத் தெரியணும். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது."

பாதியும் பாதியும் நிகழ்ச்சியில் இறுதிச் சுற்றுவரை வந்த பெண்டாட்டி. கண்ணைக் கட்டிவிட்டால் ஐந்து கையில் புருஷன் கையைக் கண்டுபிடிக்கிறவள். அவன் எந்தக் காலில் முதலில் எழுவான், குழம்பில் எந்தத் துண்டை ஒதுக்கி வைப்பான், எந்தப் பாட்டுக்கு வண்டியை நிறுத்துவான், எல்லாம் தெரியும். அவன் 'ம்' என்று சொன்னதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். அந்த 'ம்'மில் சிரிப்பு இருந்ததா? வாய் கோணியிருந்ததா? ஞாபகத்தில் அவன் முகம் வரவே இல்லை. கண்ணாடியும் ஊக்கும் தன் தோளும்தான் வந்தன. சத்தியம் பண்ணினானே, அதனால் விளையாட்டாக இருக்காது என்று ஒரு மனம் சொன்னது. அவன் சத்தியத்தை எந்தக் காலத்தில் காப்பாற்றினான் என்று இன்னொரு மனம் கேட்டது.

"நான் கேக்கறேம்மா" என்று கட்டில் பக்கம் போனாள்.

தாவீது கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான். அவளைத்தான் பார்த்தான். அவன் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"யோவ், நான் சொல்றது கேக்குதா? காத்தால செருப்ப மாத்திப் போட்டியே. அது வெளையாட்டுக்கா? வெளையாட்டுன்னா என் கைய அழுத்து."

அழுத்தினான். இரண்டு தரம், எப்போதும் போல. நதியாவுக்கு உயிர் வந்தது. டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை மாத்திக் கேளுங்கம்மா" என்றாள் டாக்டர். "புரிஞ்சுதான் அழுத்தறாரான்னு பார்க்கணும்."

"நெசமாவே ஒடம்பு முடியாமப் போட்டியா? அப்டின்னா அழுத்து."

அதற்கும் அழுத்தினான். இரண்டு தரம்.

"நான் யாருன்னு தெரியுதாய்யா?"

அழுத்தினான்.

"தெரியலையா?"

அழுத்தினான். ரெடி, ரெடி என்று அந்தக் கை சொல்லிக்கொண்டே இருந்தது. எதற்கு என்று அதற்குத் தெரியவில்லை. மேடையில் அவன் விட்டதையெல்லாம் எடுத்துப் பிடித்தவள், இதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பாண்டியன் அவள் பின்னால் வந்து, "மேடம், விளையாட்டுன்னு சொல்லிடுங்க மேடம், ஊசி போடட்டும்" என்று முணுமுணுத்தான். கதிர்வேல் அவனைத் தோளில் கைவைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

சொல்லிவிடலாம். விளையாட்டு என்று ஒரு வார்த்தை. சரியாக இருந்தால் எழுந்து உட்கார்ந்து பேசுவான். தப்பாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையாலேயே போய்விடுவான். நதியா அவன் முகத்தைப் பார்த்தாள், காலையில் பார்த்திருக்க வேண்டிய முகத்தை.

"தெரியலம்மா" என்றாள் டாக்டரிடம். "எனக்குத் தெரியல."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரிம்மா. தெரியாம அதைப் போடக்கூடாது. மத்த மருந்து கொடுக்கறோம். உயிர் தங்கிடும்னு நம்பறேன். கையும் பேச்சும் எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றாள். நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாவீதின் இடது கை போர்வைக்குமேல் எதையோ தேடியது. அவள் முந்தானை கிடைத்ததும் பிடித்து இழுத்தான். மண்டபத்தில் இழுத்த மாதிரியே இழுத்தான்.

நதியா குனிந்து அவன் வாயருகில் காதை வைத்தாள்.

"சொல்லுய்யா" என்றாள். "இப்ப சொல்லு. கேட்டுக்கினு இருக்கேன்."

அவன் உதடு அசைந்தது. சூடாக மூச்சு மட்டும் வந்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று அன்றைக்கும் தெரியவில்லை, அதற்குப் பிறகும் தெரியவில்லை. கொஞ்சம் நகருங்கம்மா, ஊசிக்குழாய் மாட்டணும் என்று நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை அவள் அப்படியே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.